சாட்சி நேரத்தில் பட்டறைக்காரர் ஏன் எழுந்திருப்பதில்லை?

எங்கள் சபையில் சாட்சி நேரம், அதாவது கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்லும் நேரம் வந்தால் அரசு வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், பேங்க் பரீட்சையில் தேறியவர் என்று வரிசையாக எழுந்திருப்பார்கள். கடன் வாங்கிப் பட்டறை போட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அண்ணன் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பட்டறைத் திறப்பு விழாவுக்குச் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனதோடு சரி. தொழில் உலகக் காரியம், ஊழியம்தான் ஆவிக்குரியது என்ற நினைப்பு நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஊழியக்காரரான பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரம் பண்ணும் தொழில் செய்ததை வேதாகமத்தில் அப்போஸ்தலர் 18-ல் வாசிப்போம், அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு இதில் மங்களூர் பாசல் மிஷன்தான் ஞாபகம் வரும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனெரி சங்கம். 1834-ல் வந்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பலரைச் சொந்த சாதி ஒதுக்கிவைத்தது, பிழைப்பும் கூடவே போயிற்று. விசுவாசம் சரி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு? அந்தக் கேள்வியிலிருந்துதான் அங்கே தொழில் பிறந்தது. முயன்றதெல்லாம் பலிக்கவில்லை. நெசவு நிலைத்தது. அப்புறம் 1865-ல் மங்களூரின் ஜெப்புவில் கூரை ஓட்டுத் தொழிற்சாலை. அதைத் தொடங்கியவர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட்.

பழைய வீட்டு மங்களூர் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் பள்ளம், மறு ஓரத்தில் வரம்பு. பக்கத்து ஓட்டை அது கவ்விக்கொள்ளும். அடியில், கூரையின் குறுக்குச் சட்டமான ரீப்பரில் மாட்ட ஒரு மூக்கு. நாட்டு ஓடு மாதிரி அடுக்கடுக்காகப் போட வேண்டியதில்லை, கூரைக்குப் பாரம் குறைவு. வடிவம் ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்ததுதான். நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணையும் வேலையற்று நின்ற கைகளையும் அதோடு சேர்த்ததைத்தான் நான் புதுமை என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுப்பதும் சபையை நடத்துவதும் ஒரே மிஷன் என்றால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? சோற்றுக்கு மதம் மாறினவர்கள் என்ற ஏச்சு வேறு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அந்தத் தொழில்களை எடுத்துக்கொண்டது.

இப்போது நடக்கும் ‘ஆசீர்வாதத் தொழில்’ கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். காணிக்கை விதைத்தால் நூறு மடங்கு என்கிறார்கள். நம்மில் யார் பிழைப்பின்றி நிற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பல சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபை வட்டாரங்களில், ரோட்டோரம் சபைக் கடைகள் இருக்கின்றன, அதிக வாடகை தருகிறவருக்குப் போகின்றன. அதில் ஒரு கடையை, புதிதாய்த் தொழில் தொடங்கும் ஒரு விதவைக்கோ வேலையில்லாத பையனுக்கோ இரண்டு வருஷம் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் என்ன? அடுத்த சேகரக் கமிட்டியில் கேட்கப்போகிறேன். பொருளாளர் முகம் சுளிப்பார், தெரியும்.