மூன்றாவது ‘பரிசீலனையில் உள்ளது’

நேற்று இரவு ஒன்பதரைக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. போன வாரப் பதிவைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும், மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. மற்றவர்களுக்கு ஒரே வரியில்: என் மாணவி தமிழில் எழுதியதை ஒரு பெரிய மனிதர் ஆங்கிலத்தில் தன் கட்டுரையாக ஓர் ஆய்விதழில் போட்டுவிட்டார், அந்த இதழிடம் புகார் கொடுத்திருக்கிறோம். “தங்கள் புகார் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.” அவ்வளவுதான். 14 மாதத்தில் மூன்றாவது தடவை. முந்தைய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு கமாகூட மாறவில்லை. எழுத்தைத் திருடிவிட்டார்கள் என்பதுதான் புகாரே. அதற்கான பதிலையும் பழையதிலிருந்தே எடுத்து ஒட்டுகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு முடிவைச் சொல்லுங்கள். “உன் புகாரில் ஒன்றுமே இல்லை, போ” என்றாலும் சரி. ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், காரணம் இருக்கிறது. கோப் (COPE) என்று ஓர் அமைப்பு. 1997-இல் இங்கிலாந்தில் சில மருத்துவ இதழாசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்த வெளியீட்டு நெறிமுறைக் குழு. இந்த இதழும் அதில் உறுப்பினர், முகப்பில் முத்திரை மின்னுகிறது. “கோப்பிடம் போங்க அக்கா” என்று இன்பாக்ஸில் நாலைந்து பேர் சொன்னீர்கள். முதலில் இதழின் சொந்தப் புகார் நடைமுறை முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. போனாலும் யார் திருடியது என்று அவர்கள் விசாரிப்பதில்லை, இதழ் ஒழுங்காக நடந்துகொண்டதா என்றுதான் பார்ப்பார்கள். நடைமுறை நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று இதழ் சொல்லிவிட்டால் போதும். இவர்கள் புகார்க் கோப்பை மூடாமல் நான் கோப்பிடம் போக முடியாது. அதனால்தான் கத்துகிறேன், முடிவைச் சொல்லுங்கள் என்று.

ஆதாரம் போதவில்லையோ என்கிறார்கள் சிலர். கேளுங்கள். என் மாணவி இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து மெர்பேங்கில் ஓர் ஆயாவின் சமையலறையில் உட்கார்ந்து, ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாடும் பாட்டைப் பதிவு செய்தாள். இங்கே அதை பாரிட்ஜ் பிரேயர் என்றுதான் சொல்வார்கள். நடுவில் குக்கர் விசில் அடிக்கும். ஆயா நிறுத்தி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட அடியையே மறுபடி எடுப்பார். கேட்டதைக் கேட்டபடி எழுதியதால் அந்த ஓரடி மட்டும் இரண்டு தடவை இருக்கும். ஆயாவுக்கு வயது 87. டைப் அடிக்கும்போது 78 என்று விழுந்துவிட்டது.

அந்தப் பெரிய மனிதரின் ஆங்கிலக் கட்டுரையில் “நான் களத்தில் சந்தித்த 78 வயது மூதாட்டி” வருகிறார். அந்த ஓரடியும் இரண்டு தடவை வருகிறது. அது ‘சடங்கு சார்ந்த மீள்கூறல்’ என்று ஒரு முழுப் பத்தி விளக்கம் வேறு! குக்கர் விசிலுக்குக் கோட்பாடு எழுதிய முதல் அறிஞர் இவராகத்தான் இருப்பார்.

ஒப்பீட்டு மென்பொருள் எதுவும் காட்டவில்லையாம். தமிழில் இருந்ததை ஆங்கிலத்தில் எழுதினால் அது எங்கே கண்டுபிடிக்கப்போகிறது?

பொய்ப் புகார்களும் வரும் என்பீர்கள். வரும். பகைக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் விசாரியுங்கள் என்கிறேன். பெரிய இதழ்களே மெதுவாகத்தான் நகரும் என்று ஒரு நண்பர் பொறுமையைப் போதித்தார். ஆமாம், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் திரும்பப் பெற்றது 2010-இல்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்னவெல்லாம் நடந்தது என்பதையும் அவரே சொல்லட்டும்.

“இதை ஏன் முகநூலில் போடுகிறாய்?” இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 2019-இல் இங்கே ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘கலர்டு’ (இங்கே கலப்பினத்தவரை அப்படித்தான் சொல்வார்கள்) பெண்களின் அறிவுத்திறன் குறைவு என்கிற மாதிரி ஒரு கட்டுரை போட்டார்களே, நினைவிருக்கிறதா? மார்ச்சில் வந்தது. நாடே கொதித்தது. மே மாதமே திரும்பப் பெற்றார்கள். ஆக, வேகமாகவும் செய்யத் தெரிகிறது. யாராவது கத்த வேண்டும், அவ்வளவுதான். மரியாதையாக எழுதின மூன்று கடிதத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரே வாசகம் மூன்று தடவை.

பல்கலைக்கழகம் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசு மானியம் தருகிற நாடு இது. கட்டுரை வந்தால் காசு வரும். புகாரை விசாரித்தால் தலைவலிதான் வரும்.

“நம்ம ஆளை நாமே சந்தி சிரிக்க வைக்கலாமா?” என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் அந்தப் பெண் யாருடைய ஆள்? ஆயா? போன ஆடியில் எங்கள் கோயிலில் ஓர் அக்காவின் பித்தளைக் குடம் மாறிப்போனது. கமிட்டிக்காரர்கள் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு, கூழ் அண்டாக்களைக் கழுவி முடிப்பதற்குள் தீர்த்துவைத்தார்கள். குடத்தின் அடியில் ஆணியால் கீறிய எழுத்து இருந்தது, அதைப் பார்த்தார்கள், முடிந்தது. 78-ம் அந்த மாதிரி கீறல்தானே?

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் போட்ட அட்டவணை ஒரு மூத்தவர் பெயரில் அச்சேறியது. அவர் கையெழுத்து எனக்குத் தேவைப்பட்டது, வாயை மூடிக்கொண்டேன். இவள் என்னை நம்பி வந்தபோது, “புகார் கொடு, முறைப்படி விசாரிப்பார்கள்” என்று சொன்னவள் நான்தான். முறைப்படி அவள் பெயரோடு புகாரை அந்த மனிதருக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் ஆசிரியர் குழுவில் இருப்பவர் என்பதை நாங்கள் பிறகுதான் கவனித்தோம்.

அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். உம்லாங்கா பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு. எந்தப் புகாரையும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம், இல்லையென்றால் மேலாளர் திட்டுவாராம்.

சனிக்கிழமை ஆயா போன் செய்தார். “அந்தப் பொண்ணு ஏம்மா இப்போ வரதில்ல?” என்றார். பரீட்சை நேரம் ஆயா என்று சொல்லி வைத்தேன்.