மைக் லீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்?

பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் 'ஹார்ட் ட்ரூத்ஸ்' படத்தை நேற்று இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். லண்டனில் வாழும் பான்சிக்கு எதைக் கண்டாலும் கோபம். கடையில் சண்டை, கார் நிறுத்தும் இடத்தில் சண்டை, மருத்துவரோடு சண்டை. நாய்க்கு எதற்குக் கோட்டு, கைக்குழந்தையின் சட்டைக்கு எதற்குப் பாக்கெட், அதில் எதை வைக்கப் போகிறது என்று சாப்பாட்டு மேசையில் பொரிந்து தள்ளுகிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அம்மாவின் கல்லறை முன்னால் தங்கை கேட்கிறாள், உன்னால் ஏன் சந்தோஷமாக இருக்கவே முடியவில்லை என்று. தெரியவில்லை என்கிறாள் பான்சி. அதுவரை சிரித்ததற்காக எனக்கு வெட்கம் வரவில்லை. அந்தச் சிரிப்பின் வழியாகத்தான் அவள் எனக்கு நெருக்கமாகியிருந்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாதாரண ஜனங்களைக் கேலி செய்து பிழைப்பவர் என்ற பழி மைக் லீ மேல் ஏறக்குறைய ஐம்பது வருடமாக இருக்கிறது. அது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

பழி பெரிதாகக் கிளம்பியது 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி'யில்தான். 1977 ஏப்ரலில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் தியேட்டரில் போட்ட நாடகம். வீட்டில் விருந்து கொடுக்கும் பெவர்லியாக நடித்தவர் அலிசன் ஸ்டெட்மன், அப்போது லீயின் மனைவி. நாடகம் பிரமாதமாக ஓடியது. ஆனால் அவர் கர்ப்பமாக இருந்ததால் பெரிய அரங்குக்குக் கொண்டுபோக முடியாமல் போனது. பிபிசி அதை ஸ்டுடியோவில் படம்பிடித்து நவம்பரில் ஒளிபரப்பியது. இன்றைக்கும் பிரிட்டனில் அந்த நாடகத்தைப் பேசுகிறார்கள். வழக்கமாகக் குளிரவைக்காமல் குடிக்கும் சிவப்பு ஒயினைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைக்கும் பெவர்லியையும், தோல் அட்டை போட்ட ஷேக்ஸ்பியர் தொகுதியைப் பெருமையாகக் காட்டிவிட்டு இதையெல்லாம் படிக்க முடியாது என்று சொல்லும் அவள் கணவன் லாரன்ஸையும் யாரும் மறக்கவில்லை. புதிதாகக் கொஞ்சம் காசு பார்த்த கீழ் நடுத்தர வர்க்கத்தை இளக்காரம் செய்கிறது என்று நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டர் கடுமையாக எழுதினார். பாட்டர் சாமானியர் இல்லை. ஆனாலும் இதில் அவர் தவறிவிட்டார் என்றுதான் சொல்வேன்.

கடைசிக் காட்சியைப் பாருங்கள். மாரடைப்பு வந்து லாரன்ஸ் வரவேற்பறைத் தரையில் விழுகிறான். நாடகம் முழுக்கப் புருஷனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருந்த விருந்தாளி ஏஞ்சலா ஒரு நர்ஸ். குனிந்து அந்த உயிரைக் காப்பாற்றப் போராடுகிறவள் அவள்தான். இளக்காரமாகப் பார்க்கும் ஒருவர் இந்தக் காட்சியை அவளுக்குக் கொடுத்திருப்பாரா?

லீ வேலை செய்யும் முறை தெரிந்தால் இது இன்னும் விளங்கும். முதல் நாள் அவர் கையில் வசனமோ திரைக்கதையோ இருக்காது. ஒவ்வொரு நடிகரையும் தனியாக உட்காரவைத்து, உனக்குத் தெரிந்த நிஜ மனிதர்களைப் பற்றிச் சொல் என்பார். அவர்களில் ஒருவரையோ, இரண்டு மூன்று பேரைக் கலந்தோ ஒரு பாத்திரம் பிறக்கும். அதன் பிள்ளைப் பருவம், படிப்பு, வேலை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கட்டுவார்கள். அப்புறம்தான் பாத்திரங்கள் ஒன்றையொன்று சந்திக்கும். தன் பாத்திரத்துக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் நடிகருக்கும் தெரியும். தன் வேடம் பெரியதா சின்னதா என்பதுகூடத் தெரியாது. கேமரா ஓடும்போது வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. அதற்குள் ஒவ்வொரு வார்த்தையும் செதுக்கி முடிந்திருக்கும். ஆறு மாதம் ஒரு பெட்டிக்கடைக்காரரின் வாழ்க்கையை இப்படிக் கட்டியெழுப்பியவருக்கு அவரைக் கேலிப்பொருளாக்க மனசு வருமா?

'வேரா ட்ரேக்' படத்தின் ஒத்திகையில், வேரா ரகசியமாகக் கருக்கலைப்பு செய்கிறாள் என்பது அவள் குடும்பமாக நடித்தவர்களுக்குத் தெரியாது. போலீஸ் வேடக்காரர்கள் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. வேராவாக நடித்த இமெல்டா ஸ்டான்டனின் முகத்தில் அந்தப் படத்தில் தெரியும் கலக்கம் அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தது.

இந்த முறைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. சால்ஃபோர்டில் ஒரு மருத்துவரின் மகனாக வளர்ந்து, 1960-ல் ராடா நடிப்புப் பள்ளிக்கு வந்தவர். முதல் படம் 'ப்ளீக் மொமென்ட்ஸ்' 1971-ல் வந்தது, நடிகர் ஆல்பர்ட் ஃபின்னி பணம் கொடுத்து உதவினார். லொகார்னோ திரைப்பட விழாவில் பரிசும் கிடைத்தது. அடுத்த சினிமா 'ஹை ஹோப்ஸ்' வந்தது 1988-ல். பதினேழு வருட இடைவெளி! திரைக்கதையே இல்லாத படத்துக்கு யார் காசு போடுவார்கள்? அந்த வருடங்களைத் தொலைக்காட்சியும் மேடையும்தான் தாங்கின. சேனல் 4 தொலைக்காட்சி சினிமாவுக்குப் பணம் போட ஆரம்பித்த பிறகே கதவு திறந்தது. நிபந்தனை இல்லாமல் ஒரு கலைஞனை வேலை செய்யவிட்ட பொதுத் தொலைக்காட்சி இல்லாவிட்டால் மைக் லீ என்று ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

கையில் எழுத்தே இல்லாமல் தொடங்கும் இந்த மனிதரை ஆஸ்கர் ஏழு தடவை பரிந்துரைத்தது. அதில் ஐந்து, திரைக்கதைக்காக! ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை 1996-ல் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' வாங்கியது. அதே கான் 2024-ல், 81 வயதுக்காரரின் 'ஹார்ட் ட்ரூத்ஸ்' படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தின் காப்பிக்கடைக் காட்சியைப் பார்க்காதவர்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள். தத்துக் கொடுக்கப்பட்ட கறுப்பின மகளும் அவளைப் பெற்ற வெள்ளைக்காரத் தாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுமார் எட்டு நிமிடம் ஒரு வெட்டுக்கூட இல்லை. நீ என் மகளாக இருக்கவே முடியாது என்று முதலில் அடித்துச் சொல்கிற தாய், ஏதோ ஒரு பழைய ஞாபகம் வந்து உடைந்து அழுகிறாள்.

அந்த மகளாக அமைதியாக உட்கார்ந்திருந்த மரியான் ஜீன்-பாப்டிஸ்ட்தான் 28 வருடம் கழித்துப் பான்சி ஆகியிருக்கிறார். அன்னையர் தினத்தன்று தங்கை வீட்டில், மகன் உனக்காகப் பூ வாங்கி வைத்திருக்கிறான் என்று யாரோ சொன்னதும் பான்சி சிரிக்க ஆரம்பிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அது எந்த நொடியில் அழுகையாக மாறுகிறது என்று நேற்று மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.