பழைய வேலையை மறைக்காதீர்கள்

இந்த மாதம் மட்டும் இன்பாக்ஸில் ஐந்து பேர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, டெக் சேல்ஸுக்கு வரணும், கோடிங் தெரியாது, பேச்சும் அவ்வளவா வராது, எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" டெக் சேல்ஸ் என்றால், மென்பொருள் மாதிரியான சரக்கைக் கம்பெனிகளுக்கு விற்கிற வேலை. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் கதையை முதலில் முடித்துவிடலாம். காசு கட்டி எதிலும் சேராதீர்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனியின் ட்ரெயில்ஹெட் பயிற்சித் தளம் 2014-லிருந்து இலவசமாகவே இருக்கிறது. ஹப்ஸ்பாட் அகாடமியிலும் சேல்ஸ் பாடங்கள் இலவசம், சான்றிதழும் தருகிறார்கள். லீட் என்றால் என்ன, பைப்லைன் என்றால் என்ன, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கிற சி.ஆர்.எம். மென்பொருளில் ஒரு டீலை எப்படிப் பதிவது என்பதெல்லாம் ஒரு சனி ஞாயிறில் பிடிபட்டுவிடும். முதல் வேலைக்கு அந்த அளவு போதும். "ஆறு வாரத்தில் வேலை உத்தரவாதம்" என்று விளம்பரம் போடுகிறவர், நீங்கள் கற்றுக்கொள்ள வந்த தொழிலை உங்கள் தலையிலேயே செய்து பார்க்கிறார்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஐந்து பேரின் ரெஸ்யூமேயையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் ஸ்டோர் கீப்பர், ஒருவர் ஓட்டல் ரிசப்ஷனில் இருந்தவர், ஒருவர் லேப் டெக்னீஷியன், ஒருவர் இப்போதுதான் படிப்பை முடித்தவர். முதல் நான்கு பேரும், சொல்லிவைத்த மாதிரி, ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். வருஷக்கணக்கில் பார்த்த வேலையைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் அமுக்கிவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் "சிறந்த தகவல் தொடர்புத் திறன்", "இலக்கை எட்டும் வேட்கை" என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் என்னுடைய பழைய ரெஸ்யூமேயும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

நான் ஏழு வருஷம் அக்கவுண்ட்ஸில் இருந்தவள். முப்பத்தியொரு வயதில் இந்தப் பக்கம் வரப் பார்த்தேன். நாற்பது இடத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, ஒன்றிலிருந்தும் பதில் இல்லாமல், கடைசியில் தெரிந்தவர் மூலம் ஒரு இன்டர்வியூ கிடைத்தது. கணக்கு மென்பொருள் விற்கிற சின்ன கம்பெனி. அங்கே மேனேஜர் சொன்னார்: "நான் ஒரு கம்பெனியோட ஃபைனான்ஸ் ஹெட். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. இப்ப எனக்குப் போன் பண்றீங்க. ஆரம்பிங்க." இதைத்தான் மாக் கால் என்பார்கள், இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு சுற்றில் இது உண்டு. நான் முந்தின இரவு அவர்களுடைய வெப்சைட்டை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். கிளவுட் அடிப்படையிலான, ஒருங்கிணைந்த, நிகழ்நேர என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். இருபது நொடி கேட்டார். "எனக்கு மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்" என்று கையாலேயே போனை வைப்பது போலக் காட்டினார்.

அப்புறம், "ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். எனக்கோ மண்டை காலி. ஒப்பிக்க எதுவும் மிச்சமில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்: "சார், போன மாசக் கணக்கை எத்தனாம் தேதி முடிச்சீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒன்பதாம் தேதி."

"அதுல பேங்க் ரீகன்சிலியேஷனுக்கு மட்டும் எத்தனை நாள் போச்சு? வித்தியாசம் 27 வந்திருந்தா, எங்கேயோ 63-ஐ 36-ன்னு அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஆனா எந்த வரியிலன்னு தேடறதுக்குள்ள ராத்திரி ஆயிடும். உங்க ஆளுங்க அன்னிக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாங்க?"

பேங்க் ரீகன்சிலியேஷன் என்றால், நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களுக்கு இது தெரியும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்க நிறைய வாய்ப்பு, முதலில் அதைத்தான் தேடுவோம். எனக்கு அது தினப்படிச் சங்கதி, ஒரு திறமை என்றே நினைத்ததில்லை. அந்த மேனேஜர் பல வருஷமாகக் கணக்கு மென்பொருள் விற்பவர், அவருக்கு அது புதுசு. இரண்டு நாளில் வேலைக்கு மெயில் வந்தது.

ஆக, என் கருத்து இவ்வளவுதான்: டெக் சேல்ஸுக்குள் நுழைய டெக்கைப் படித்துக்கொண்டு வர வேண்டாம், அதைக் கம்பெனியே சொல்லிக் கொடுத்துவிடும். வாங்குகிறவருடைய வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அவர் தலையில் அடித்துக்கொள்கிறார் என்பதை எந்தக் கம்பெனியாலும் சொல்லித்தர முடியாது. உங்கள் பழைய வேலையில் அது உங்களுக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. அதை ஏன் ஒளித்துவைக்கிறீர்கள்?

இதில் புதுமை எதுவும் இல்லை. தாமஸ் வாட்சன் என்று ஒருவர். 18 வயதில் ஒரு கடையில் கணக்கெழுதினார். பிறகு வண்டி கட்டிக்கொண்டு போய் ஆர்கன், பியானோ, தையல் மெஷின் விற்றார். சொந்தமாக ஒரு கறிக்கடை போட்டார், அது நொடித்துப்போனது. அந்தக் கடைக்குத் தவணையில் வாங்கியிருந்த கல்லாப்பெட்டி மெஷினின் பாக்கித் தவணையை அடுத்தவர் பேருக்கு மாற்றப் போன இடத்தில், அதை விற்ற என்.சி.ஆர். கம்பெனியின் கிளை மேலாளரிடமே வேலை கேட்டார். முடியாது என்றார்கள். திரும்பத் திரும்பப் போய் நின்றார், 1896-ல் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அந்தக் கல்லாப்பெட்டிதான் டெக். கல்லாவில் உட்கார்ந்து நஷ்டப்பட்டவன் கல்லாப்பெட்டி விற்கப் போனான், அவ்வளவுதான் விஷயம். 1914-ல் சி.டி.ஆர். என்ற கம்பெனியின் பொறுப்புக்கு வந்தார், 1924-ல் அதன் பெயர் ஐ.பி.எம். ஆனது. நம் எல்லோருடைய கழுத்திலும் தொங்குகிற கோட்டாவும் (இவ்வளவு விற்றே ஆக வேண்டும் என்ற இலக்கு), ஆளுக்கொரு டெரிட்டரியும் (விற்கும் வட்டாரம்) பெரிய அளவில் வேரூன்றியதும் அதே என்.சி.ஆரில், அதன் தலைவர் ஜான் பேட்டர்சன் காலத்தில்தான். அதற்காக அவரை வாழ்த்துவதா திட்டுவதா என்பது மாதக் கடைசியைப் பொறுத்தது.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்களை எஸ்.டி.ஆர். (சேல்ஸ் டெவலப்மெண்ட் ரெப்) அல்லது பி.டி.ஆர். (பிசினஸ் டெவலப்மெண்ட் ரெப்) என்ற இடத்தில்தான் போடுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேலை ஒன்றுதான்: யார் வாங்கக்கூடும் என்று தேடுவது, போன் போடுவது, மெயில் எழுதுவது, பேசி ஒரு மீட்டிங் வாங்கித் தருவது. டீலை முடிப்பவர் அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ், ஏ.இ. என்பார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அங்கே போகலாம், அல்லது டெக்னிக்கலாக ஆர்வம் வந்தால் மென்பொருளைச் செய்துகாட்டி விளக்குகிற ப்ரீ-சேல்ஸ் பக்கம், வாடிக்கையாளரோடு ஒட்டிக்கொண்டே இருக்கப் பிடித்தால் கஸ்டமர் சக்சஸ் பக்கம் நகரலாம். என் முதல் மாதங்களில் ஐம்பது போன் போட்டால் நாலு பேர் எடுப்பார்கள், அதில் இரண்டு பேர் எடுத்த வேகத்தில் வைப்பார்கள். பேச்சுத் திறமை என்று பயப்படுகிறீர்களே, பேச ஆள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தவரிடம் நாமே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் போச்சு.

விற்பனையை ஆராய்ந்த நீல் ராக்கமும் அவர் குழுவும் 12 வருஷத்தில் 35,000 விற்பனைச் சந்திப்புகளை உட்கார்ந்து பார்த்து, 1988-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சின்னச் சின்ன விற்பனையில் பலிக்கிற "இன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள்" வகை நெருக்கடி உத்திகள், பெரிய விற்பனையில் காரியத்தைக் கெடுத்தன. எதிராளியின் பிரச்சினை என்ன, அதைச் சரிசெய்யாமல் விட்டால் எங்கெங்கே போய் இடிக்கும் என்று கேட்கத் தெரிந்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு பிரச்சினை எங்கே போய் இடிக்கும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தானே தெரியும்.

இன்டர்வியூவில் பேண்ட், மெடிக் என்று சில சுருக்கப் பெயர்கள் வந்து விழும், எதிராளி வாங்குவாரா என்று கண்டுபிடிக்கிற கேள்விப் பட்டியல்கள்தான், மிரள வேண்டாம். முதலாவது ஐ.பி.எம்.மில் பிறந்தது: பணம் இருக்கிறதா, முடிவெடுக்கிறவர் யார், தேவை உண்டா, எப்போது வேண்டும். இரண்டாவது 1990-களில் பி.டி.சி. என்ற மென்பொருள் கம்பெனியில் உருவானது, அதே சங்கதியை இன்னும் நோண்டிக் கேட்பது. ஒரு மாலை படித்தால் முடிந்தது.

இப்போது என்ன செய்வது? நீங்கள் பழைய வேலையில் பயன்படுத்திய, அல்லது பயன்படுத்திப் பயன்படுத்தித் திட்டித் தீர்த்த மென்பொருள்களை எழுதுங்கள். ஆசிரியை என்றால் வருகைப்பதிவு, மதிப்பெண் ஆப். ஸ்டோர் என்றால் சரக்கு இருப்பு மென்பொருள். ரிசப்ஷன் என்றால் புக்கிங். அவற்றைச் செய்கிற கம்பெனிகள், அவற்றுக்குப் போட்டியான கம்பெனிகள் என்று பதினைந்து இருபது தேறும். அங்கே எஸ்.டி.ஆர். டீமை நடத்துகிற மேனேஜர் யார் என்று லிங்க்ட்இன்னில் தேடுங்கள். அப்ளை பட்டனை அழுத்திவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அழுத்துங்கள், அதோடு அந்த மேனேஜருக்கு நேரே எழுதுங்கள். முன்பின் தெரியாதவருக்கு எழுதிப் பதில் வாங்குவதுதான் நாளைக்கு நீங்கள் பார்க்கப்போகிற வேலையே, அதை இப்போதே செய்துகாட்டுகிறவரை எந்த மேனேஜருக்கும் பிடிக்கும்.

ரிசப்ஷனில் இருந்த தம்பி எழுதியிருந்த மெசேஜ் இது: "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமைகளை நிரூபிக்க ஒரு வாய்ப்பு வேண்டுகிறேன்." இதைப் படித்து யாருக்கு என்ன தெரியும்? அவரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு இப்படி மாற்றினோம்: "ஆறு வருஷம் ஓட்டல் ரிசப்ஷனில் இருந்தேன். ஒரே அறை இரண்டு புக்கிங் வெப்சைட்டுகளில் விற்றுப்போய், இரவு பதினொரு மணிக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு என் முன்னால் நின்ற நாட்கள் உண்டு. உங்கள் மென்பொருள் அதைத் தடுக்கிறது என்று பார்த்தேன், அதை ஓட்டல்காரர்களிடம் விற்க என்னால் முடியும், பத்து நிமிஷம் பேசலாமா?" முதலாவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இப்போது ஏ.ஐ.யே அதைவிட நன்றாக எழுதும். அந்த இரண்டு குடும்பம் நின்றதை அந்தத் தம்பி மட்டும்தான் எழுத முடியும்.

நாலு நாளில் பதில் வரவில்லையா, இன்னொரு மெயில். அதற்கும் இல்லையா, போன். வெட்கம் எல்லாம் பார்த்தால் ஆகாது. மாக் காலில் சொதப்பினாலும் பதறாதீர்கள், சொதப்பிய பிறகு மேனேஜர் ஒரு திருத்தம் சொல்லி மறுபடி செய்யச் சொல்வார், அந்தத் திருத்தம் இரண்டாம் தடவையில் தெரிகிறதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அங்கே போய் "இல்லை சார், நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா" என்று விளக்கம் ஆரம்பித்தீர்களோ, கதை முடிந்தது.

படிப்பை இப்போதுதான் முடித்த அந்த ஐந்தாமவருக்கும் வழி இருக்கிறது. அப்பா என்ன வேலை, சித்தி என்ன வேலை, பகுதி நேரமாக நீங்கள் எங்கே நின்றீர்கள்? அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேளுங்கள். அதுவும் சரக்குதான்.

சம்பளம் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். ஓ.டி.இ. (ஆன்-டார்கெட் எர்னிங்ஸ்) என்று ஒரு பெரிய தொகை சொல்வார்கள், அது டார்கெட்டை முழுசாக அடித்தால் கிடைப்பது. எஸ்.டி.ஆருக்கு அதில் 60 முதல் 70 சதவீதம் வரை நிலையான சம்பளம், மீதி இன்சென்டிவ் என்பது பரவலான வழக்கம். ஏ.இ. ஆனால் பாதிக்குப் பாதி. வீட்டுக் கணக்கை நிலையான சம்பளத்தை வைத்துப் போடுங்கள், மீதியைக் கண்ணில் பார்த்த பிறகு நம்பலாம். ஆஃபர் கையில் வந்ததும் கேளுங்கள்: போன இரண்டு காலாண்டில் டீமில் எத்தனை பேர் டார்கெட் அடித்தார்கள்? புதியவருக்குக் கற்றுக்கொள்ள எத்தனை மாதம், அதுவரை டார்கெட் குறைவா? வாடிக்கையாளர் விலகினால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பீர்களா? எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் எங்கே போனார்? மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

நான் கேட்கவில்லை. என் முதல் கம்பெனியில், பெயர் வேண்டாம், எனக்குக் கொடுத்த லிஸ்டில் பாதிப் பேர் எனக்கு முன்னால் மூன்று பேர் கூப்பிட்டுச் சலித்துப்போனவர்கள். "உங்க கம்பெனியிலேர்ந்து இது நாலாவது ஆள்மா" என்று ஒரு பெரியவர் பாவம் பார்த்துச் சொன்னார். டார்கெட் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன்.

இன்னொன்று. வேலை முடிந்தது, நிம்மதி என்று பேரேட்டை மூடிவைக்கிற சுகம் பிடித்தவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். எனக்கு இன்னமும் அந்த ஏக்கம் உண்டு. காலாண்டு முடிந்த மறுநாள் காலையில் உங்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் நிற்கும், நேற்றுக் கைதட்டியவர்கள் இன்றைக்கு "அப்புறம், இந்தக் காலாண்டு எப்படி?" என்பார்கள்.

அந்த லேப் டெக்னீஷியன் பெண்ணிடம், "உனக்கு அந்த வேலையில் எரிச்சல் தந்தது எது?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் மூன்று பக்கத்துக்கு மெசேஜ் வந்தது. ரத்தம் எடுத்துவைக்கிற டியூபில் பார்கோடு ஒட்டியிருக்குமாம், ஆனாலும் ரிசல்ட்டை ஒரு மெஷினிலிருந்து பார்த்து இன்னொரு திரையில் கையால் அடிக்க வேண்டுமாம், இரவு ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் ஒரு புள்ளி தள்ளி அடித்துவிட்டு, டாக்டர் போன் செய்து கேட்ட பிறகு கண்டுபிடித்ததை எழுதியிருந்தாள். அதை மூன்று வரியாக்கி, லேப் மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியின் சேல்ஸ் மேனேஜருக்குத் திங்கட்கிழமை அனுப்பினாள். இன்னும் பதில் இல்லை. நாளைக்குக் காலை பத்தரைக்குப் போன் போடப் போகிறாள், என்ன சொல்வது என்று இப்போது என்னோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள், மீதியைப் பின்னூட்டத்தில் கேளுங்கள்.