பிரிட்டனில் அனிமே: முறையாகப் பார்க்க வழி இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெடணும்

"பிரிட்டனில் அனிமே பார்க்க எந்த ஆப் வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் குழுக்களில் வரும் பதில்களில் பாதி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானவை. மீதியில் பெரும்பகுதி காலாவதியானவை. கேட்டவர் ஒரு சந்தாவைக் கட்டிவிட்டு, தான் தேடிய தொடர் அதில் இல்லை என்று தெரிந்ததும் பழையபடி திருட்டுத் தளத்துக்கே போய்விடுகிறார். "நாங்க காசு கொடுக்கத் தயார், அவங்கதான் கொடுக்க விடல" என்ற புலம்பலும் கூடவே வருகிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்தப் புலம்பலில் நியாயம் இருந்தது. இன்றைக்குப் பெரும்பாலும் அது சாக்குதான். ஆனால் முழுக்கச் சாக்கு என்றும் சொல்லிவிட முடியாது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லா அனிமேவும் கிடைக்கிற ஒரு ஆப் பிரிட்டனில் கிடையாது. எந்தத் தொடர் வேண்டும் என்று முடிவு செய்து, அதன் பிரிட்டன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கப்புறம்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

ஜப்பானில் ஒரு தொடரைப் பொதுவாகத் தனி நிறுவனம் தயாரிப்பதில்லை. பதிப்பகம், டிவி நிலையம், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி என்று பலர் பணம் போட்டு ஒரு தயாரிப்புக் குழு அமைக்கிறார்கள். வெளிநாட்டு உரிமையை அந்தக் குழு பகுதி பகுதியாக, காலக்கெடு வைத்து விற்கும். பிரிட்டன் சில நேரம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவோடு ஒரே கட்டாகப் போகும், சில நேரம் தனியே போகும். ஜப்பானின் பிரபல அனிமே ஸ்டுடியோவான கிப்லியின் படங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் அவை ஹெச்பிஓ மேக்ஸுக்குப் போயின. பிரிட்டனில் 2020 பிப்ரவரியிலிருந்து மூன்று தவணையாக நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தன. அப்போது ஒரே ஒரு படம் மட்டும் வரவில்லை: 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. அதன் உரிமை கிப்லியிடம் இல்லை, மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகத்திடம் இருந்தது. அது நெட்ஃப்ளிக்ஸுக்கு வர 2024 செப்டம்பர் ஆனது. படம் எடுத்தது ஒரே ஸ்டுடியோ என்றாலும் வழி வேறு. 'ப்ளீச்' தொடரின் 2022 பாகமும் அப்படித்தான். அமெரிக்காவில் ஹுலு, இங்கே டிஸ்னி பிளஸ். அமெரிக்க யூடியூபர் சொல்லும் பட்டியலை அப்படியே நம்பினால் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

இதைவிடக் கடுப்பேற்றுவது, ஒரே தொடரின் சீசன்கள் வெவ்வேறு வீட்டில் குடியிருப்பது. 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' முதல் சீசன் அனிமேக்கான சந்தா சேவையான க்ரஞ்சிரோலில் வந்தது, இரண்டாவது டிஸ்னி பிளஸில். 'வின்லேண்ட் சாகா' 2019-ல் அமேசானில் தொடங்கியது, இரண்டாவது சீசன் க்ரஞ்சிரோலுக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும் போனது. ஆகவே தொடரின் பெயர் ஒரு ஆப்பில் இருக்கிறது என்பது போதாது. சீசன் பட்டியலைத் திறந்து, கடைசி எபிசோட் எண் வரை பாருங்கள்.

தேடும் முறை. எந்தத் தொடர் எந்தச் சேவையில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தைத் திறந்ததும் நாடு யுனைடெட் கிங்டம் என்று இருக்கிறதா என்று பார்க்கவும். கூகுள் வழியாக வந்தால் பல நேரம் அமெரிக்கப் பக்கம்தான் திறக்கும், பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புதிய தொடர்களுக்கு லைவ்சார்ட், அனிலிஸ்ட் என்ற தளங்கள் வசதி. ஒவ்வொரு தொடருக்கும் சட்டபூர்வ இணைப்புகளை அங்கேயே தருவார்கள். ஆங்கிலப் பெயரில் கிடைக்காவிட்டால் ஜப்பானியப் பெயரில் தேடுங்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' சில பட்டியல்களில் 'ஷிங்கெகி நோ க்யோஜின்' என்றுதான் இருக்கும். கடைசியாக, அந்தந்தச் சேவையின் சொந்தத் தளத்தில், விபிஎன்னை (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் மென்பொருளை) அணைத்துவிட்டுச் சரிபாருங்கள். ஜஸ்ட்வாட்ச் போன்ற திரட்டித் தளங்களின் தகவல் பின்தங்கும். உரிமைக்காலம் நேற்று முடிந்த தொடர் இன்றும் அங்கே தெரியும்.

இனி யாரிடம் என்ன என்பது. வாராவாரம் ஜப்பானோடு கூடவே வரும் தொடர்களைத் துரத்துபவருக்கு க்ரஞ்சிரோலைத் தவிர்ப்பது கடினம். 2006-ல் ரசிகர்கள் உரிமையில்லாமல் ஏற்றிய வீடியோக்களோடு தொடங்கிய தளம் இது. 2009-ல் உரிமம் வாங்கி நேர்வழிக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் சோனியின் அனிமே நிறுவனமான ஃபனிமேஷன் இதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு ஃபனிமேஷன் ஆப்பையே 2024 ஏப்ரல் 2 அன்று மூடிவிட்டார்கள். டிஸ்க் வாங்கியவர்களுக்குக் கூடவே கொடுத்த டிஜிட்டல் பிரதிகளும் அதோடு போயின. 1991-ல் லண்டனில் தொடங்கி, ஒரு தலைமுறைக்கு 'அகிரா'வை வீடியோ கேசட்டில் கொடுத்த மங்கா என்டர்டெயின்மென்ட்டின் பிரிட்டன் பிரிவும் 2019-ல் ஃபனிமேஷன் கைக்குப் போய், இன்று க்ரஞ்சிரோல் பெயரில்தான் இருக்கிறது. போட்டியாளர்களில் பலர் ஒரே வயிற்றுக்குள் போய்விட்டார்கள். விளம்பரத்தோடு இலவசமாகப் பார்க்கும் வசதி முதலில் 2022-ல் புதிய தொடர்களுக்கு நின்றது, 2025 முடிவோடு மொத்தமாகவே நின்றது. போட்டி இருந்திருந்தால் இதை இவ்வளவு சுலபமாகச் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். திருட்டுத் தளங்கள் பக்கம் ஆட்களைத் தள்ளுவதில் இந்த முடிவுக்கும் பங்கு உண்டு.

க்ரஞ்சிரோலில் பணம் கட்டும்போது மூன்றைப் பாருங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை திரை, டவுன்லோட் வசதி உண்டா, எந்த வழியாகக் கட்டுகிறீர்கள். மூன்றாவதில்தான் பலர் சிக்குகிறார்கள். ஐபோன் ஆப்புக்குள் சந்தா எடுத்தால் நிறுத்துவதும் ஆப்பிள் கணக்கின் சந்தாப் பகுதியில்தான். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. அமேசான் பிரைம் வீடியோ வழியாக க்ரஞ்சிரோல் சேனல் எடுத்தால் அதை அமேசானுக்குள்தான் பார்க்க வேண்டும், க்ரஞ்சிரோலின் சொந்த ஆப்பில் அந்த லாகின் வேலை செய்யாது. இரண்டும் ஒன்றென நினைத்து இரட்டைச் சந்தா கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

ஹைடைவ் சிறிய சேவை. சென்டாய் என்ற அமெரிக்க அனிமே நிறுவனத்தின் தலைப்புகள் அங்கே போகும். 2022 முதல் அமெரிக்க டிவி நிறுவனமான ஏஎம்சி நெட்வொர்க்ஸ் கையில் இருக்கிறது. 2023-ல் 'ஓஷி நோ கோ' வந்தபோது பலர் இந்தப் பெயரையே முதல்முறை கேட்டார்கள். ஆப் கொஞ்சம் கரடுமுரடு. ஒரு மாதம் எடுத்து, வேண்டியதைப் பார்த்து, நிறுத்துவதற்குச் சரி.

நெட்ஃப்ளிக்ஸில் கிப்லியின் பழைய படங்கள் மட்டுமல்ல, அதே கிப்லியின் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படமும் 2024 அக்டோபரில் வந்தது. 'டெலிஷியஸ் இன் டஞ்சன்', 'ரன்மா ½', 'சகாமோட்டோ டேஸ்' போன்றவையும் அங்கே. விளம்பரத் திட்டம் எடுத்தால் சில தலைப்புகளில் பூட்டுக் குறி விழும், உரிமம் அந்தத் திட்டத்துக்குச் செல்லாது. கட்டுவதற்கு முன் இதைக் கவனியுங்கள். டிஸ்னி பிளஸில் எண்ணிக்கை குறைவு, ஆனால் 'சம்மர் டைம் ரெண்டரிங்', 'ஹெவன்லி டெலூஷன்' என்று இருப்பவை கனமானவை. 'எவாஞ்சலியன்' மறுஆக்கப் படங்கள் நான்கும் 2021-ல் அமேசானுக்கு வந்தவை.

பலரும் கவனிக்காத இடம் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயர். 'போகிமான் ஹொரைசன்ஸ்' பிரிட்டனில் 2023 டிசம்பரில் முதலில் வந்தது அங்கேதான். ஆனால் ஐபிளேயருக்கு டிவி லைசென்ஸ் (டிவி பார்க்க வருடந்தோறும் கட்டும் கட்டணம்) வேண்டும், 2025 ஏப்ரல் கணக்கில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ், க்ரஞ்சிரோல், டிஸ்னி மாதிரி வேண்டும்போது பார்க்கும் சேவைகளுக்கு டிவி லைசென்ஸ் தேவையில்லை. ஐபிளேயருக்கும், எந்த வழியில் பார்த்தாலும் நேரலை டிவிக்கும்தான் தேவை. லைசென்ஸ் கடிதத்தைப் பார்த்துப் பயந்து, அனிமே மட்டும் பார்க்கும் மாணவர் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஃபிலிம்4 சேனலில் கிப்லி படங்களும், ஐடிவியின் இணையச் சேவையான ஐடிவிஎக்ஸில் சில தொடர்களும் இலவசமாக வந்துபோகும். அவற்றை நம்பித் திட்டம் போட முடியாது, கிடைத்தால் லாபம்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு அதிர்ச்சியைச் சந்திப்பார்கள். ஊரில் யூடியூபில் இலவசமாகப் பார்த்த மியூஸ் ஏசியா, மியூஸ் இந்தியா, அனி-ஒன் ஏசியா சேனல்களின் வீடியோக்கள் இங்கே திறக்காது. அந்த உரிமம் ஆசியாவுக்கு மட்டும். இந்திய விலையில் எடுத்த க்ரஞ்சிரோல் கணக்கையே இங்கே திறந்தாலும் பட்டியல் நீங்கள் இருக்கும் நாட்டுக்குரியதுதான். நெட்ஃப்ளிக்ஸும் அப்படியே. இங்கிருந்து பாரிஸுக்கு நான்கு நாள் போனாலும் இதே கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த நாட்டுப் பட்டியலே தெரிய வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரலில் வந்தது. பிரெக்ஸிட்டால் 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் சந்தாதாரர்களுக்கு அது போய்விட்டது.

"எல்லாரும் பார்க்கிறாங்க, எனக்கு மட்டும் கிப்லி காட்டல" என்றால் முதல் சந்தேகம் விபிஎன் மேல் விழட்டும். பிரிட்டனில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் நெட்ஃப்ளிக்ஸ், உலகம் முழுக்கத் தனக்கு உரிமையுள்ள தலைப்புகளை மட்டும் காட்டும், மற்றவை மறைந்துவிடும். அலுவலக லேப்டாப்பில் கம்பெனி விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதுதான் நடக்கும். வேறு நாட்டுப் பட்டியலுக்காக விபிஎன் போடுவது சேவையின் விதிமுறையை மீறுவது. "காசு கட்டிட்டேன், அதனால சட்டபூர்வம்" என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த நாட்டில் உரிமம் வாங்கியவருக்கும் இங்கே வாங்கியவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

புதிய எபிசோட் நேரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜப்பான் குளிர்காலத்தில் பிரிட்டனைவிட 9 மணி நேரம் முன்னால், கோடையில் 8. அங்கே கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. ஜப்பானிய டிவி அட்டவணையில் 25:30 என்று இருந்தால் அது மறுநாள் அதிகாலை 1:30. இங்கே குளிர்காலத்தில் மாலை 4:30, கோடையில் 5:30. ஜனவரியில் தொடங்கிய தொடர் மார்ச் கடைசி ஞாயிறைத் தாண்டினால் திடீரென ஒரு மணி நேரம் தள்ளி வரும். "இன்னும் எபிசோட் ஏறல" என்ற பதிவுகள் அந்த வாரம் குவியும், சர்வர் கோளாறு ஒன்றும் இருக்காது.

செலவு விஷயத்தில் என் கருத்து இது. எதையும் வருடச் சந்தாவாக எடுக்காதீர்கள், வருடம் முழுக்க வாரத்துக்கு மூன்று நான்கு புதிய தொடர் பார்ப்பவராக இருந்தால் தவிர. 12 எபிசோட், ஒன்றுக்கு 24 நிமிடம் என்றால் ஒரு சீசன் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு மாதச் சந்தாவில் ஐந்தாறு சீசன் சாவகாசமாக முடியும். டிஸ்னி பிளஸ் தொடரை அது ஓடி முடிந்த பிறகு ஒரே மாதத்தில் பாருங்கள், சேர்ந்த அன்றே அடுத்த மாதப் புதுப்பிப்பை ரத்து செய்யுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். தனிப் படங்களை ஆப்பிள், அமேசான் போன்ற கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

ஒரு தளம் முறையானதா என்று சந்தேகம் வந்தால், அதில் கிப்லி, ப்ளீச், க்ரஞ்சிரோல் தொடர்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இலவசமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது திருட்டுத் தளம், அவ்வளவுதான். பிரிட்டனில் அந்த மூன்றும் சேர்ந்து யாரிடமும் இல்லை. 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 97ஏ பிரிவில் நீதிமன்றம் உத்தரவிட்டு, பிடி, ஸ்கை, விர்ஜின் போன்ற இணைய நிறுவனங்கள் இப்படிப்பட்ட தளங்களை 2011 முதலே முடக்கிவருகின்றன. முகவரி மாறிக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம் அதுதான். 2017 சட்டத்துக்குப் பிறகு இணையத்தில் திருட்டுப் பிரதி பரப்புபவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் மாணவரைத் தேடி போலீஸ் வரும் என்று மிரட்ட நான் தயாரில்லை. ஆனால் போலி பிளே பட்டன் வழியாக லேப்டாப்புக்குள் எது வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை.

அந்தப் புலம்பல் முழுக்கச் சாக்கு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் உள்ள நியாயம் இதுதான்: பழைய தொடர்களில் பல, இங்கே எந்தச் சேவையிலும் இல்லை. உரிமைக்காலம் முடிந்தது, புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை. அவற்றுக்கு டிஸ்க்தான் வழி. கிளாஸ்கோவின் அனிமே லிமிடெட், எம்விஎம் போன்ற நிறுவனங்கள் இன்னும் ப்ளூ-ரே போடுகின்றன. பழையவை செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். வாங்கும் முன் மண்டலக் குறியைப் பாருங்கள். பிரிட்டன் ப்ளூ-ரே பி மண்டலம், அமெரிக்காவும் ஜப்பானும் ஏ மண்டலம். அமெரிக்கப் பிரதி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஏ மட்டும் என்று பூட்டப்பட்ட டிஸ்க் சாதாரண பிரிட்டன் பிளேயரில் ஓடாது. டிவிடியில் ஜப்பானும் பிரிட்டனும் ஒரே 2-ம் மண்டலம்தான், ஆனால் ஜப்பானியப் பதிப்புகளில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது.