அந்த மணல் எங்க வீட்டுக்கு இல்ல

ரெண்டு நாளா எதுவும் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த போட்டோ இன்னும் நம்ம தமிழ் குரூப்ல அப்படியே இருக்கு, கீழ சிரிப்பு ஸ்மைலி ஏறிக்கிட்டே போகுது, பத்தாததுக்கு நாலஞ்சு பேர் தனியா மெசேஜ் போட்டு "இது உங்க அப்பா மாதிரி இருக்கே"ன்னு வேற கேக்குறாங்க. மாதிரி இல்லங்க, எங்க அப்பாவேதான். இங்க கனடாவுல, எட்மண்டன்ல, கம்யூனிட்டி லீக் (ஏரியாக்காரங்க சங்கம்) ஹால் பக்கத்துல, ஐஸ்ல வழுக்காம இருக்கத் தூவிக்கங்கன்னு சிட்டி நிர்வாகம் வச்சிருக்கிற மணல் பெட்டிக்குள்ள குனிஞ்சு ரெண்டு பக்கெட்ல மணல் அள்ளிட்டு நிக்கிற அந்த மங்கி குல்லா போட்ட மனுஷன் எங்க அப்பா. அதுக்கு "மணல் மாஃபியா, கனடா கிளை"ன்னு தலைப்பு வச்சவருக்கும், "எங்க போனாலும் நம்மாளுங்களுக்கு ஓசின்னா கை சும்மா இருக்காது"ன்னு எழுதினவருக்கும், அதுக்கு ஹார்ட் போட்டவங்களுக்கும் சேத்துத்தான் இதை எழுதுறேன். அட்மினுக்கும் எழுதினேன், போட்டோவ குரூப்ல இருந்து நீக்குங்கன்னு. பதில் இல்ல.

முதல்ல ஒரு விஷயம். அந்த மணல்ல ஒரு கைப்பிடி கூட எங்க வீட்டுக்குள்ள வரல. அது முழுக்க எங்க தெரு சைடுவாக்ல, ஆளுங்க நடக்கிற பாதையில கெடக்கு. அது மேல நடக்கிறது யாரு? நாங்க கார்ல ஏறி கராஜ்ல இருந்தே கெளம்பிப் போயிடுறோம். நடக்கிறது காலைல இருட்டுல முதல் பஸ்ஸ புடிக்க ஓடுற கேர் ஹோம் ஆளுங்க, ஆபீஸ் சுத்தம் பண்ணிட்டு ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க, தபால்காரம்மா, ஸ்கூல் பிள்ளைங்க, ஸ்ட்ரோலர் தள்ளிட்டுப் போறவங்க, எதுத்த வீட்டுல வாக்கர் புடிச்சு நடக்கிற உக்ரைன்காரப் பாட்டி. அப்போ ஓசி யாருக்கு? எங்க அப்பா சிட்டிக்கு ஓசியில வேலை பாத்துட்டு இருக்காரு, அதுதான் உண்மை.

எட்மண்டன்ல இருக்கிறவங்களுக்கு இது தெரியும், வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். இங்க வீட்டு முன்னாடி இருக்கிற சைடுவாக் சிட்டியோட இடம், ஆனா அதுல விழுற ஸ்னோவையும் ஐஸையும் எடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. எடுக்கலன்னா ஃபைன், சிட்டியே ஆள் வச்சு எடுத்தா அந்த பில்லும் நம்ம தலையில. சட்டம் அப்படிச் சொல்லிட்டு, அதுக்கு உதவியா சிட்டியே ஊர் பூரா பெட்டி வச்சு மணல் போட்டு வைக்குது, வாளியும் ஷவலும் கொண்டு வந்து எடுத்துட்டுப் போங்கன்னு அவங்களே கெஞ்சாத குறையா சொல்றாங்க. சிட்டி ஏன் இதக் குடுக்குது? அவங்களுக்கு நம்ம மேல பாசமா? இல்ல, ஒவ்வொரு தெருவுக்கும் ஆள் அனுப்பி சைடுவாக்ல மணல் தூவ அவங்களால முடியாது. மணல் செலவு அவங்களோடது, தூக்கிட்டு வந்து தூவுற உடம்பு நம்மளோடது. எட்மண்டன் மட்டும் இல்ல, கனடாவுலயே சாஸ்கடூன்ல உண்டு, அமெரிக்காவுல மினியாபோலிஸ், மேடிசன், அங்கரேஜ்னு பனி ஊரெல்லாம் இதைக் குடுக்குது. அங்கெல்லாம் வெள்ளைக்காரர் பக்கெட்டோட வந்து அள்ளிட்டுப் போறாரு, யாரும் போட்டோ எடுத்து சிரிக்கிறது இல்ல.

இப்ப நீங்க கேக்குற கேள்விக்கு வர்றேன். "ஒரு பை உப்பு வாங்க வக்கில்லையா, கடையில பத்து பன்னெண்டு டாலர்தானே?" இதைக் கேட்டவருக்கு இந்த ஊர் குளிரு என்னன்னு தெரியுமான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. சாதாரண உப்பு மைனஸ் 10 பக்கம் போனாலே சோர்ந்துடும். உப்புத் தண்ணி மைனஸ் 21 வரைக்கும் உறையாம இருக்கும்னு சயின்ஸ் புத்தகத்துல படிச்சது சரிதான், ஆனா அது சரியான அளவுல கரைச்ச தண்ணிக்கு, கல்லு மாதிரி இறுகிப்போன ஐஸ் மேல ரெண்டு கைப்பிடி வீசினா அப்படி நடக்காது. இங்க ஜனவரில ராத்திரி மைனஸ் 25 போகும், அப்ப உப்பு போட்டா உப்பு அப்படியே உக்காந்திருக்கும், ஐஸும் அப்படியே இருக்கும். மணல் எதையும் உருக்காது, ஐஸ் மேல உக்காந்து செருப்புக்கு ஒரு பிடி குடுக்கும், அதுக்கு மைனஸ் 5ம் ஒண்ணுதான் மைனஸ் 35ம் ஒண்ணுதான். அதுவும் இல்லாம உப்பு எங்க போகுதுன்னு நெனைக்கிறீங்க? கான்கிரீட்ட அரிக்கும், நாய் பாதத்தப் புண்ணாக்கும், மிச்சம் மழைத்தண்ணி பைப் வழியா நார்த் சஸ்காட்சுவன் ஆத்துக்குத்தான் போகும், ஒருதடவ தண்ணில கரைஞ்சத அப்புறம் யாரும் வடிகட்டி எடுக்க முடியாது. இதே எட்மண்டன்ல ரோட்டுல கால்சியம் குளோரைடுன்னு ஐஸ உருக்குற உப்புக் கரைசல தெளிச்சுப் பாத்து, வண்டி துருப்பிடிக்குது கான்கிரீட் போகுதுன்னு சண்டை போட்டு 2019ல கவுன்சிலே நிறுத்தச் சொல்லிச்சு. மணல வசந்தம் வந்ததும் கூட்டி அள்ளி, சுத்தம் பண்ணி, அடுத்த வருஷத்துக்கு சிட்டியே எடுத்து வச்சுக்குது. அதனால காசு இல்லாம மணல் எடுக்கல. மணல்தான் சரின்னு எடுக்குறோம். காசு இல்லாம எடுத்தாலும் அதுல என்னங்க தப்பு? காசு இல்லாதவங்க வீட்டு முன்னாடி நடக்கிறவங்க வழுக்கி விழலாமா?

சிலருக்கு இது இன்னும் சின்ன விஷயமாத்தான் தெரியும். அவங்களுக்காக எங்க அம்மாவப் பத்தி சொல்ல வேண்டியிருக்கு. எழுதவே பிடிக்கல, இருந்தாலும் எழுதுறேன்.

போன மார்ச்ல அம்மா என் பையன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரப் போனாங்க. மார்ச் மாசம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, பகல்ல கூரை ஸ்னோ உருகி டவுன்ஸ்பவுட் (கூரைத் தண்ணி எறங்குற பைப்) வழியா சைடுவாக்ல ஓடும், சாயந்தரம் சூரியன் எறங்கினதும் அது கண்ணாடி மாதிரி ஆயிடும், மேல லேசா ஸ்னோ தூவியிருந்தா கீழ ஐஸ் இருக்கிறதே தெரியாது. எங்க தெருவத் தாண்டி ஒரு வீட்டு முன்னாடி அப்படி ஒரு இடம். மணலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா விழுந்து கைய ஊனினாங்க, மணிக்கட்டு போச்சு. எமர்ஜென்சில வரிசையில உக்காந்திருக்கும்போதே கை வீங்கிக்கிட்டே வருது, வளையல் சதைக்குள்ள பதியுது. கல்யாணத்துல போட்ட வளையல், சோப்பு போட்டும் கழலல. நர்ஸ் ஒரு சின்ன கட்டர் எடுத்துட்டு வந்து, "ஓகேவா?"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா அந்தக் கட்டரப் பாத்ததும் புரிஞ்சு போச்சு. எலும்பு முறிஞ்ச வலிக்கு அழாதவங்க அதுக்கு அழுதாங்க. வெட்டின துண்டு ரெண்டையும் ஒரு ஸ்பெசிமன் டப்பால போட்டுக் குடுத்தாங்க, இன்னும் அந்த டப்பாலதான் இருக்கு.

அம்மா அப்பா ரெண்டு பேரும் சூப்பர் விசால, அதாவது இங்க இருக்கிற பிள்ளைங்களோட ரொம்ப நாள் தங்க பெத்தவங்களுக்குக் குடுக்கிற விசால, வந்திருக்காங்க. அந்த விசாவுக்குக் குறைஞ்சது 100,000 டாலருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும், இந்த மாகாண கவர்மெண்ட் குடுக்கிற ஆல்பர்ட்டா ஹெல்த் கேர் எல்லாம் அவங்களுக்குக் கெடையாது. நாங்களும் எடுத்திருந்தோம். ஆனா கம்பெனி கேட்ட கேள்வி இருக்கே, முன்னாடியே எலும்புத் தேய்மானம் இருந்துச்சா, ஊர்ல எந்த டாக்டரப் பாத்தாங்க, சீட்டு எங்க, ஸ்கேன் எங்கன்னு, மாசக்கணக்குல அலைஞ்சோம். கனடாவுல வயசானவங்க அடிபட்டு ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முதல் காரணமே கீழ விழுறதுதான். இது யாரும் சிரிக்கிற விஷயம் இல்ல.

அதுக்கப்புறம்தான் அப்பா மணல் எடுக்க ஆரம்பிச்சாரு. யாரும் சொல்லல. ஷவலும் பையனோட பழைய ஸ்லெட்டும் எடுத்துக்கிட்டுக் கெளம்பினாரு. பெட்டில மணல் பல நாள் இறுகிப் போயிருக்கும், ஷவல் முனையால குத்திக் குத்தி உடைச்சுத்தான் எடுக்கணும். ரெண்டு பக்கெட்ட ஸ்லெட்ல வச்சு இழுத்துட்டு வந்து கராஜுக்குள்ள வைப்பாரு, வெளில வச்சா மறுபடி கட்டியாயிடும்னு. காலைல எங்க வீட்டு முன்னாடி, எதுத்த பாட்டி வீட்டு முன்னாடி, அப்புறம் பஸ் ஸ்டாப் வரைக்கும். நெல்லு வெதைக்கிற மாதிரி கைய வீசித் தூவுவாரு. ஒரு எடத்துல குவியாது, ஒரு எடம் விட்டுப் போகாது.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு பக்கெட்?"னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். ஒரு வீட்டுக்கு இல்ல.

"வரி கட்டாதவங்க எடுக்கலாமா?"ன்னு ஒருத்தர். வீட்டு வரி நான் கட்டுறேன். எங்க அப்பா என் வீட்டுல இருக்காரு. அதை விடுங்க, வரி கட்டினவங்க மட்டும்தான் அந்த சைடுவாக்ல நடக்கிறாங்களா? வாடகைக்கு பேஸ்மெண்ட்ல இருக்கிற ஸ்டூடண்ட், போன மாசம் வந்த அகதிக் குடும்பம், அவங்க எல்லாம் வழுக்கினா வழுக்கட்டும்னு விட்ருவீங்களா? இப்படி ஒரு கேள்விய வேற யாராச்சும் நம்மளப் பாத்துக் கேட்டிருந்தா குரூப்ல எத்தன பேர் கொதிச்சிருப்பீங்க.

மணல் ஷூவுல ஒட்டி வீட்டுக்குள்ள வந்து ஹார்ட்வுட் ஃப்ளோர் கீறுதாம். வாசல்ல ஒரு மிதியடி போடுங்க.

ஆமா, பிக்கப் ட்ரக்க ரிவர்ஸ்ல விட்டு பெட்டியையே காலி பண்ணிட்டுப் போற காண்ட்ராக்டரும் இருக்கான், நானே பாத்திருக்கேன். அவன் காசு வாங்கிட்டு ஸ்னோ எடுக்கிறவன், அவனுக்கு இது கெடையாது. அவனப் போட்டோ எடுங்க, சிட்டியோட புகார் நம்பர் 311க்கு கூப்பிட்டுச் சொல்லுங்க. அவனக் கேக்க யாருக்கும் வாய் வராது, ஸ்லெட் இழுத்துட்டு வர்ற வயசான ஆளப் பாத்தா மட்டும் கேமரா வெளில வந்துடும்.

அப்புறம் அந்த "மணல் மாஃபியா". அதை எழுதினவருக்கு எங்க அப்பாவத் தெரியாது, தெரிஞ்சிருக்க நியாயமும் இல்ல. நாங்க முசிறி. காவிரிக் கரை. அப்பா ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவரு, சாயந்தரம் பசங்களக் கூட்டிட்டுப் போய் ஆத்து மணல்லதான் கபடி பழக்குவாரு. அந்த மணல் லாரி லாரியா போனத நின்னு பாத்தவரு. கால் புதையுற மணலா இருந்த எடம் ஆள் முங்குற பள்ளமாச்சு, களிமண் தெரிஞ்சுச்சு, கெணத்துல தண்ணி கீழ போச்சு, அப்புறம் சீமைக்கருவேல் வந்துச்சு. பள்ளம் தெரியாம எறங்கி யாராச்சும் முங்கிட்டாங்கன்னு சேதி வர்றப்பல்லாம் அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டாரு. அந்த மனுஷனப் பாத்து, அடுத்தவன் கால் வழுக்கக் கூடாதுன்னு ரெண்டு வாளி மணல் இழுத்துட்டு வந்ததுக்கு, மணல் மாஃபியா. ஜோக்காம். "சென்சிடிவ் ஆகாதீங்க, சும்மா ஜாலிக்கு"ன்னு ரெண்டு பேர் எனக்கு அட்வைஸ் வேற.

நான் கேக்குறேன், இந்த ஓசி ஓசின்னு எழுதுற நம்மள்ல எத்தன பேர் சத்துணவு சாப்பிட்டு, இலவச பஸ் பாஸ்ல போயி, கவர்மெண்ட் காலேஜ்ல கம்மி ஃபீஸ்ல படிச்சு இங்க வந்தோம்? நான் வந்தேன். எனக்கு அதுல வெக்கம் இல்ல. ஊரு பணத்துல ஊரு பிள்ளைய படிக்க வச்சாங்க, அது ஊருக்கு நல்லதுன்னு செஞ்சாங்க. அதே மாதிரிதான் இதுவும். பொதுவுல குடுக்கிற எதைப் பாத்தாலும் வாங்குறவனக் கேவலமாப் பாக்கிற புத்தி எங்க இருந்து வந்துச்சு நமக்கு? விமானம் ஏறினதும் வந்துடுதா?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். இங்க பாதி வீடு ஓடுறதே ஊர்ல இருந்து வந்த அம்மா அப்பாவாலதான். நாம டேகேர் காசு மிச்சம் பண்ணி ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அவங்க சமைக்கிறாங்க, பிள்ளையக் கூட்டிட்டு வர்றாங்க, நாம எந்திரிக்கிறதுக்கு முன்னாடி டிரைவ்வே ஸ்னோ தள்ளி முடிச்சிருப்பாங்க. அவங்களுக்கு கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் இல்ல, இந்த ஊர்ல அவங்களுக்கு இருக்கிறது அவங்க கால் மட்டும்தான். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அந்தக் காலுக்கும் வழி இல்லன்னா அவங்க எங்க போவாங்க? எங்க அம்மா இந்த வருஷம் ஒரு தடவ கூட தனியா வெளில எறங்கல. கை கூடிருச்சு, பயம் போகல. அப்பா தூவின மணல் மேல எங்க வாசல்ல இருந்து பாட்டி வீடு வரைக்கும் மட்டும் நடக்கிறாங்க, அவர் கையப் புடிச்சுக்கிட்டு. இதையும் யாராச்சும் போட்டோ எடுத்துப் போடுவீங்களோ என்னமோ.

அந்தப் போட்டோவ அப்பா பாத்துட்டாரு. யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கே ஃபார்வர்ட் பண்ணியிருக்காரு. ஒண்ணும் சொல்லல, "பெட்டில எடுக்கக் கூடாதுன்னு ரூல் ஏதும் இருக்காம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. சிட்டி வெப்சைட்ட எடுத்து ஒவ்வொரு வரியா அவருக்குத் தமிழ்ல படிச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சு. நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் வாத்தியாரா இருந்தவருக்கு.

போட்டோ போட்டவர் பேர நான் இங்க எழுதல, எழுதவும் மாட்டேன். அதை நீக்கிட்டு அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும், நம்பர் உங்ககிட்ட இருக்கு.

மத்தவங்களுக்கு: எட்மண்டன்ல மில் வுட்ஸ் ஏரியா பக்கம் வயசானவங்க தனியா இருக்கிற வீடு, புதுசா குழந்தை பொறந்த வீடு, ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கிறவங்க வீடு எதுவா இருந்தாலும் மெசேஜ் போடுங்க. சனிக்கிழமை காலைல வண்டியில போயி எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன். அந்த ஹால் பக்கத்துப் பெட்டி பாதிக்கு மேல காலி, 311ல சொல்லியிருக்கேன், அதனால வேற பெட்டிக்குத்தான் போகணும். பக்கெட்டுக்கு மூடி இருந்தா கொண்டு வாங்க, கார்ல கொட்டாது. ஷவல் தோட்டத்துக்குப் போடுற இரும்பு ஷவலா இருக்கட்டும், பிளாஸ்டிக் ஸ்னோ ஷவல் அந்த மணல்ல ஒடைஞ்சிடும்.