கேமரா ஏன் எடைத்தட்டைப் பார்க்கவில்லை?

செவ்வாய்க்கிழமைப் பேச்சுவார்த்தைக்கு வாழ்த்துச் சொல்லும் பதிவுகள் இன்னும் ஓயவில்லை. பீடி இலையும் புகையிலைத் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக் கடைகளில், தொழிலாளியின் முகத்தைக் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்க்கும் முகப்பதிவுச் செயலி ‘சுமுகமாக’ ஏற்கப்பட்டதாம். நிர்வாகத்தின் மேலாளரும் சங்கத் தலைவரும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தச் செயலியைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு, முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றுகிற பெண்களில் யாரைக் கூப்பிட்டுப் பேசினீர்கள்?

உடனே ‘தொழில்நுட்பத்துக்கு எதிரி’ என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். ‘பெருசு, கம்ப்யூட்டர் வந்தபோதும் இப்படித்தான் கொடி பிடித்தீர்கள்’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆமாம் தம்பி, வங்கி ஊழியர்களான நாங்கள் பிடித்தோம். பிடித்ததால் என்ன கிடைத்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, இயந்திரமயமாக்கலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டன. எந்த இயந்திரம், எந்த அளவுக்கு, அதை இயக்குபவருக்கு என்ன படி என்பதெல்லாம் பேசி முடிவானது. அதற்குப் பிறகு வந்த, வாடிக்கையாளர் கணக்கைப் பதியும் லெட்ஜர் இயந்திரத்தில் நானும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு அதன்மேல் ஒரு பகையும் இல்லை. எங்களைக் கேட்டுவிட்டு வந்த இயந்திரம் அது.

பீடி சுற்றுகிறவர்களை யாரும் கேட்கவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், கண்ணில் புரை எடுத்தவர். காலையில் சமையலை முடித்துவிட்டுச் சுளகை மடியில் வைத்தால் விளக்கு வைக்கும் வரை சுற்றுவார். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வருவது அவருடைய பேரன்தான். இனி அவரே போய்க் கைப்பேசிக்கு முன்னால் நிற்க வேண்டும். முகம் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கு இலை கிடையாது. இலை இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. போன வாரம் என்னிடம் கேட்டார்: “ஏ தம்பி, எம் மூஞ்சியப் பாத்து அவன் என்ன செய்யப் போறான்? தட்டுல இருக்குற இலையப் பாக்கச் சொல்லு.”

செயலியைப் பாராட்டி எழுதியவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கடையில் தருகிற இலை எடை குறைவதும், பாதி இலை கிழிசலும் பொத்தலுமாக இருப்பதும், ஆயிரம் பீடிக் கணக்கை நிறைக்கப் பெண்கள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்குவதும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. ‘வெளிப்படைத்தன்மை’க்காகத்தான் கேமரா என்றால், அதை எடைத்தட்டின் பக்கம் திருப்பி வைப்பதில் என்ன தடை? கழிவு என்று ஒதுக்கிய பீடி எங்கே போகிறது என்பதையும் அதே கேமரா படம் பிடிக்கட்டுமே. டிஜிட்டல் யுகம் தொழிலாளியின் முகத்தோடு நின்றுவிடும்போலும்.

‘ஒருவர் பாஸ்புக்கில் இன்னொருவர் சுற்றும் முறைகேடு ஒழியும்’ என்று நிர்வாகம் சொல்கிறது. பாஸ்புக் என்பது தொழிலாளியின் பெயரில் கடைக் கணக்கைப் பதிகிற புத்தகம். சரி, ஒழியட்டும். ஆனால் அந்த முறைகேட்டை உண்டாக்கியவர் யார்? மாமியாரும் மருமகளும் சுற்றும் வீட்டுக்கு ஒரே ஒரு பாஸ்புக்கைக் கொடுத்து, இரண்டாவது ஆளுக்குக் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதியை மிச்சம் பிடித்தவர்கள் இப்போது நேர்மையைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் அப்போதே ஏற்றுக்கொண்டது. அந்த மருமகளுக்கு முதலில் பெயர் கொடுங்கள். முகத்தைப் பிறகு கேட்கலாம்.

‘சட்டப்படி உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை’ என்றும் ஒரு வழக்கறிஞர் நண்பர் எழுதியிருக்கிறார். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, வேலை நிலைமைகளில் சில மாற்றங்களைச் செய்வதற்கு 21 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. இப்போதைய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் முன்னறிவிப்பு விதி இருக்கிறது. அந்த மாற்றங்களின் பட்டியலில் நெடுநாள் வழக்கத்தை மாற்றுவதும் ஒன்று. வீட்டில் யார் வந்து கொடுத்தாலும் பீடியை வாங்கிக்கொள்வது எத்தனை தலைமுறை வழக்கம்? ஜெர்மனியில் தொழிலாளியைக் கண்காணிக்கக்கூடிய கருவியை ஆலைத் தொழிலாளர் குழுவின் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது. அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான். அது பணக்கார நாடு, பெரிய ஆலை என்பீர்கள். இருக்கட்டும். கூப்பிட்டுக் கேட்பதற்குக்கூடவா பணம் வேண்டும்?

நூறு நாள் வேலையில் நடந்ததையும் பார்த்தோம். 2023 ஜனவரியிலிருந்து கைப்பேசியில் இரண்டு வேளை படம் எடுத்துத்தான் வருகைப்பதிவு என்றார்கள். குளத்துக்குள் நின்று மண் வெட்டியவர்கள், சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாத நாளில் கூலி வருமா வராதா என்று தவித்தார்கள். அதையும் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

முதலாளி இப்படிச் செய்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவருக்குக் கணக்குத்தான் கண். என் மனம் நொந்தது சங்கத்தை நினைத்துத்தான். தலைவர் தம் பேச்சை 1908 தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தில் தொடங்கினார், வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் நினைவுகூர்ந்தார், கைதட்டு வாங்கினார். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. கேட்டார்கள், போராடினார்கள், பெற்றார்கள். இவர் கேட்டது என்ன? எடைத்தட்டைப் பற்றி ஒரு வரி கேட்டாரா? கண் தெரியாதவருக்கு மாற்று ஏற்பாடு கேட்டாரா? எடுத்த படங்கள் எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்றாவது கேட்டாரா? மேடையில் இருந்தவர்களில் பீடி சுற்றுகிற கை ஒன்றுகூட இல்லை. நிலைச் சம்பளக்காரர்களான எங்களுக்கு இயந்திரம் வந்தபோது மாநாடு நடந்தது, வேலைநிறுத்தம் நடந்தது, ஒப்பந்தம் வந்தது. என் அம்மாவைப் போல வாழ்நாள் முழுவதும் சுளகோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குச் செயலி வரும்போது சால்வை வருகிறது.

‘சங்கத்தை வெளியில் விமர்சித்தால் முதலாளிக்குத்தான் லாபம்’ என்று அறிவுரை சொல்பவர்களே, அந்த லாபம் செவ்வாய்க்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.

பேச்சுவார்த்தையில் கையெழுத்தான தாளின் நகலைக் கேட்டுச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோம், அதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யாராவது, எங்கள் தெரு அக்காவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, அதை எனக்கு அனுப்பிவைத்தால் நல்லது.