தடை மேலே இல்லை, வாக்காளர் பட்டியலில்

இங்கிலாந்து திருச்சபையின் மிக மூத்த பதவியான கேன்டர்பரிக்கு முதல் பெண் பேராயராக (ஆர்ச்பிஷப்) சாரா முல்லாலி வந்ததற்கு, ஆயர்கள் (பிஷப்புகள்) மனம் மாறியதே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. அது சரியல்ல. 2012 நவம்பரில் பெண்களும் ஆயராகலாம் என்ற தீர்மானத்துக்கு அந்தத் திருச்சபையின் பொதுச் சினாடில் உள்ள மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. ஆயர்கள் 44-3, குருக்கள் 148-45. தோற்றது சாதாரண விசுவாசிகளின் பிரதிநிதிகள் இருக்கும் சபையார் அவையில், 132-74. வெறும் ஆறு ஓட்டு குறைவு! 2014 ஜூலையில்தான் நிறைவேறியது.

நம்ம சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) 2013லேயே புஷ்பலலிதா அம்மா ஆந்திராவின் நந்தியால் பேராயர் (இங்கே பிஷப்பைத்தான் பேராயர் என்கிறோம்) ஆனார். ஆக, விதியில் தடை இல்லை. பேராயர் பேனலுக்கு, அதாவது பேராயராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடியவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு, ஓட்டுப் போடுவது டயோசீசன் கவுன்சில் (பேராயத்தின் மன்றம்). அங்கே பெண்கள் போக வேண்டுமானால் சேகரத் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகள்) தேர்தலில் ஜெயிக்கணும்.

குமரி மாவட்டத்து அக்காமார், தங்கச்சிமார் உடனே செய்ய வேண்டியது: சபை வாக்காளர் வரைவுப் பட்டியல் ஒட்டும்போதே உங்கள் பெயரைப் பாருங்கள். திடப்படுத்தல் (முழு அங்கத்தினராகச் சேர்க்கும் ஆராதனை) பதிவு இருக்கிறதா, சபைச் சந்தா பாக்கி உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பெயரில் மட்டும் ரசீது எழுதினால் சந்தா உங்கள் கணக்கில் வராமல் போகலாம். தனி ரசீது கேட்டு வாங்குங்கள். ஆட்சேபணை நாள் முடிந்தபின் கமிட்டியிடம் அழுது பயனில்லை.